ரோபோ போட்டியில் நான் போட்ட கையெழுத்து

உங்களை எல்லாம் உங்கள் கல்லூரியில் ரோபோ குழுவுக்குப் பொறுப்பாசிரியராகப் போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். போட்டியின் விதிப் புத்தகத்தை அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேசைமேல் நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருப்பீர்கள். அதைக் கடைசிப் பக்கம்வரை படித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் எல்லோரும் தூக்குவீர்கள். ஒரு காலத்தில் என்னைக் கேட்டிருந்தால் நானும் தூக்கியிருப்பேன்.

நான் பேராசிரியர் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் ஷிப்ட் ஷிப்டாகப் பல வருஷம் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு பொறியியல் கல்லூரியின் ஒர்க்‌ஷாப்புக்குப் பொறுப்பாளனாகப் போனவன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த ஏழெட்டு வருஷங்களில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிவரை நெடுஞ்சாலையோரம் மாந்தோப்புகளை வெட்டிக் கல்லூரி கட்டினார்கள். எங்கள் கல்லூரியும் அதில் ஒன்று. முகப்பில் கண்ணாடி, உள்ளே போனால் போர்டு, போர்டில் தாளாளரின் படம். ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷின் வருவதற்கு முன்பே அது நிற்கப்போகிற இடத்துக்குப் போர்டு வந்துவிட்டது. அதிலும் அவர் படம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஓசூரில் சில தொழிற்சாலைகள் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். ஆட்டம் புரிந்துகொள்ள எளிதானது. வெள்ளைப் பலகையில் ஒரு கறுப்புக் கோடு. ரோபோ அந்தக் கோட்டைத் தானே பார்த்துப் போக வேண்டும். ரிமோட் கூடாது. விசில் ஊதிய பிறகு யாரும் தொடக் கூடாது. வழியில் மூன்று மரக்கட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் ஒரு தொட்டியில் போட வேண்டும். மூன்று நிமிஷம். பக்கத்துத் தடத்தில் எதிரணியின் ரோபோ ஓடும். அதிகக் கட்டை போட்டவர் ஜெயித்தவர்.

விதிகள் மொத்தம் பத்துப் பக்கம். எங்கள் துறைத்தலைவர் முதல் பக்கத்தைப் படித்தார். பரிசளிப்பு விழாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்று அதில்தான் போட்டிருந்தது. அத்தோடு அவருடைய படிப்பு முடிந்தது.

குழுவில் நாலு பேர் இருந்தாலும் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் உங்களுக்குப் போதும். சுமதி மத்தூர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் விவசாயம், தக்காளியும் நிலக்கடலையும். வெங்கடேஷ் மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தவன். அவன் அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். சுமதி அளந்துவிட்டுப் பேசுவாள். வெங்கடேஷ் பேசிவிட்டு அளப்பான். இரண்டும் சேர்ந்ததால் வேலை நடந்தது.

முதல் வருஷம் அவர்கள் செய்த ரோபோ நன்றாகவே ஓடியது. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தாளாளர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பிள்ளைகள் அதை ஓட்டிக் காட்டினார்கள். அவர் அது ஓடுவதைப் பார்க்கவில்லை. நின்ற பிறகு சுற்றிவந்து பார்த்தார்.

"இதுல நம்ம காலேஜ் பேரு எங்க?"

அவ்வளவுதான் கேட்டார். மறுநாள் காலையில் துறைத்தலைவர் ஒரு தகரப் பலகையோடு வந்து நின்றார். கல்லூரியின் பெயர், கீழே தாளாளரின் படம், இரண்டும் கலரில். அதை ரோபோவின் முன்பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டச் சொன்னார். மாட்டினோம்.

போட்டி நாளில் எல்லா ரோபோவும் முதலில் பரிசோதனை மேசைக்குப் போக வேண்டும். மேசையில் இருந்தவர் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. குள்ளமான ஆள், சட்டைப் பையில் பேனாவோடு ஒரு ஸ்டீல் ஸ்கேல். அவர் முன்னால் அடி இல்லாத பிளைவுட் பெட்டி ஒன்று இருந்தது, நாலு பக்கமும் முப்பது சென்டிமீட்டர். ரோபோவின்மேல் அதைக் கவிழ்ப்பார். மேசைவரை இறங்கினால் ரோபோ உள்ளே, இறங்காவிட்டால் வெளியே. அவரிடம் யாரும் வாதாடிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. பெட்டியோடு எப்படி வாதாடுவது?

எங்கள் ரோபோவின்மேல் கவிழ்த்தார். தகரப் பலகையில் இடித்து நின்றது.

சுமதி என்னைப் பார்த்தாள். "சார், ரெண்டு ஸ்க்ரூதாங்க. கழட்டிட்டா இறங்கிரும்."

"கழட்டுமா," என்றார் மேசைக்காரர். "அஞ்சு நிமிஷம் தரலாம்னு விதியில இருக்கு. எடுத்துக்க."

துறைத்தலைவர் குனிந்து என் காதருகே வந்தார். "தாளாளர் மேல கேலரில உக்காந்திருக்கார். அவரு படத்த அவரு கண்ணு முன்னாடியே கழட்டச் சொல்றீங்களா?"

என் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கையை உள்ளே விட்டிருந்தால் போதும். "நீங்க சொன்னா சரிங்க சார்," என்றேன். ஐந்து நிமிஷமும் நானும் பிள்ளைகளுமாக ஐந்து பேர் ஒரு தகரப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேசைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், தன் தாளில் ஏதோ எழுதினார், "அடுத்து" என்றார்.

மேலே போய்த் துறைத்தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? நடுவர்கள் பெங்களூர்க் கல்லூரிகளுக்கு ஆதரவு என்று சொன்னார். தாளாளர் இறங்கிவந்து ரோபோவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். படத்தில் தகரப் பலகை பிரமாதமாக விழுந்திருந்தது. விதி தெரியாமல் தோற்றவர்களைப் பார்த்து நாம் பரிதாபப்படலாம். நாங்கள் விதியும் தெரிந்து, நேரமும் கிடைத்து, ஸ்க்ரூ டிரைவரையும் பையில் வைத்துக்கொண்டு தோற்றோம். அதற்குப் பேர் வேறு.

மறு வருஷம் நான் திருந்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன். உங்களில் பலருக்கும் இந்த நினைப்பு வரும். ஜாக்கிரதையாக இருங்கள்.

அந்த வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் ஒர்க்‌ஷாப்பில் விதிகளைச் சத்தமாகப் படிக்க வைத்தேன். சுமதி ஆங்கிலத்தில் படிப்பாள். படித்த விதியை இன்னொருவர் தன் வீட்டில் பேசுகிற பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். குழுவில் ஒரு பையன் வீட்டில் தெலுங்கு, அவன் தெலுங்கில் சொல்வான். வீட்டுப் பேச்சில் சொல்ல வராத விதி புரியாத விதி. இது ஒன்றுதான் நான் செய்த உருப்படியான காரியம். இதையும் நான் பாதிதான் செய்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் கல்லூரி வேன் ஓட்டுநர் சிக்கண்ணாவும் இருப்பார். தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். பிள்ளைகளை நாலு மணிக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்பதால் அதுவரை ஒர்க்‌ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ரோபோவின் கையைத் தூக்க பலமான மோட்டார் ஒன்று தேவைப்பட்டபோது, ஓரங்கட்டிப் போட்டிருந்த பழைய வேனிலிருந்து வைப்பர் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். நான் கொள்முதல் படிவம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ரோபோ தயாரானதும் அதை வராந்தாவில் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வெங்கடேஷுக்குப் பிடிக்கவில்லை.

"உள்ள சூப்பரா ஓடுது சார். எதுக்கு வெளிய?"

"போட்டி நடக்கிற ஹால்ல கூரையில கண்ணாடி. காலையில ஒரு வெளிச்சம், மத்தியானம் ஒரு வெளிச்சம். இங்க டியூப்லைட்ல ஓடறது அங்க ஓடும்னு என்ன நிச்சயம்?"

வெளியே வைத்தோம். ரோபோ இரண்டடி கோட்டில் போனது. பிறகு கோட்டை விட்டுவிட்டு நேராகப் பூந்தொட்டியில் போய் முட்டியது. மூன்று தடவை வைத்தோம், மூன்று தடவையும் பூந்தொட்டிதான். வெங்கடேஷ் ப்ரோக்ராமை மாற்றுகிறேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் மாற்றினான். ரோபோ பூந்தொட்டியை விட்டுவிட்டுத் தூணில் முட்டியது.

சிக்கண்ணா எழுந்து வந்து ரோபோவுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "வெயில்ல நமக்கே கண்ணு கூசுது. அதுக்கும் கொஞ்சம் நெரளு குடுங்க சார்," என்றார்.

நிழலைத்தான் சொன்னார். பழைய வேன் சீட்டிலிருந்து கறுப்பு ரெக்ஸினைக் கிழித்து, ரோபோ கோட்டைப் பார்க்கிற சென்சார்களைச் சுற்றிப் பாவாடை மாதிரி கட்டினோம். அதற்குப் பிறகு எந்த வெளிச்சத்தில் வைத்தாலும் கோட்டை விடவில்லை. பார்ப்பதற்குத்தான் சகிக்கவில்லை. துறைத்தலைவர் ஒரு தடவை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இதையா எடுத்துட்டுப் போகப் போறீங்க? பழைய பஸ் சீட்டு மாதிரி இருக்கு."

"பழைய வேன் சீட்டு சார்," என்றான் வெங்கடேஷ்.

துறைத்தலைவர் சிரிக்கவில்லை. அன்றே அவர் மனதில் வேறு ஏற்பாடு ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் பாதி செய்த காரியத்துக்கு வருகிறேன். பதினேழாவது விதி ஒரு உறுதிமொழிப் படிவத்தைப் பற்றியது. 'இந்த இயந்திரத்தை இந்த மாணவர்கள் தங்கள் கையால் செய்தார்கள், செய்வதை நான் நேரில் பார்த்தேன்' என்று எழுதி, கல்லூரி ஊழியர் ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அது பொய்யென்று தெரிந்தால் கையெழுத்துப் போட்டவர் இரண்டு வருஷம் போட்டிப் பக்கமே வரக் கூடாது. ஆனாலும் மாணவர்கள், பரிசோதனை நேரம் முடிவதற்குள், தாங்கள் செய்த இயந்திரத்தை வேறு படிவத்தோடு கொண்டுவரலாம். சுமதி இதைப் படித்துவிட்டு நிறுத்தினாள்.

"ஏங்க சார், ஆசிரியர்னு போடாம ஊழியர்னு போட்டிருக்காங்க?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா. அடுத்தத படி," என்றேன்.

ஒன்றல்ல. அந்த விதியை எழுதியவர் யோசித்துத்தான் அந்தச் சொல்லைப் போட்டிருந்தார். சந்தேகம் கேட்ட பெண்ணை நான் அடுத்த பக்கத்துக்குத் துரத்தினேன். விதியை எழுதியவன் வேறு வேலை இல்லாமல் எழுதியிருக்கிறான் என்கிற திமிர் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

போட்டி நாள் காலையில் ஹால் வாசலில் நாங்கள் வேனிலிருந்து இறங்கியபோது, துறைத்தலைவர் தன் காரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே தெர்மோகோல், தெர்மோகோலுக்குள் ஒரு ரோபோ. நீலக் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. எங்கள் கல்லூரிப் பெயர் ஒட்டுத்தாளாக முன்பக்கத்தில். இந்தத் தடவை அளவுக்குள் அடங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன வருஷத்திலிருந்து அவரும் பாடம் கற்றிருந்தார்.

"பெங்களூர்ல ஒரு எடத்துல சொல்லி செஞ்சு வாங்கினது. பட்டன அமுக்கினா போதும், மூணு கட்டையும் தானே போட்டுரும்," என்றார். "உங்களுது வேன்லயே இருக்கட்டும்."

"சார், பதினேழாவது விதி..." என்று இழுத்தேன்.

"விதியெல்லாம் யாரு சார் பாக்கறா? தாளாளர் இந்தத் தடவ குடும்பத்தோட வர்றாரு. படிவத்துல கையெழுத்துப் போடுங்க. பதிவு முடிய பத்து நிமிஷந்தான் இருக்கு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, ரொம்ப அன்பாக, "உங்கள நிரந்தரம் பண்ற ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. நானே கையோட எடுத்துட்டுப் போய் மேல குடுக்கணும்னு இருக்கேன்," என்றார்.

அந்தப் பத்து நிமிஷத்தில் நான் என்ன யோசித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் இதையேதான் யோசிப்பீர்கள். ஜெயித்தால் பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று யோசித்தேன். பெரிய கம்பெனி ஆட்கள் பார்ப்பார்கள், வேலை கிடைக்கும். மற்ற கல்லூரிக்காரன் மட்டும் யோக்கியமா? நான் போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள். ஒவ்வொன்றும் கேட்க நியாயமாக இருந்தது. என் வேலையைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. என் பேனா எழுதவில்லை. துறைத்தலைவர் தன் பேனாவைக் கொடுத்தார். போட்டேன்.

சுமதி பக்கத்தில்தான் நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. படிவத்தைப் பார்த்தாள்.

பரிசோதனை மேசையில் அதே மனிதர். பெட்டியைக் கவிழ்த்தார், வழுக்கிக்கொண்டு இறங்கியது. நிறுத்துகிற சிவப்பு ஸ்விட்ச் மேலே இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. துறைத்தலைவர் கேலரியைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போது மேசைக்காரர் வெங்கடேஷைப் பார்த்து, "தம்பி, இந்தப் பக்கத்துச் சக்கரத்தக் கழட்டி மாட்டிக் காமி," என்றார்.

வெங்கடேஷ் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு குனிந்தான். வைத்துப் பார்த்தான். வேறொன்றை எடுத்து வைத்துப் பார்த்தான். அந்த ஸ்க்ரூவின் தலையில் ஆறு முனை நட்சத்திரக் குழி. அந்த மாதிரி ஸ்க்ரூவுக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே கருவி கிடையாது. அவன் காது சிவந்துவிட்டது.

"பசங்க டென்ஷன்ல இருக்காங்க சார்," என்றார் துறைத்தலைவர் பின்னாலிருந்து.

மேசைக்காரர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுமதியிடம் கேட்டார். "நீ சொல்லுமா. இந்தச் சக்கரத்த யாரு மாட்டினது?"

அவள் துப்பட்டாவின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். பிறகு, வகுப்பில் பதில் சொல்கிற அதே குரலில், "தெரியாதுங்க சார்," என்றாள். "இது நாங்க செஞ்சது இல்லீங்க. நாங்க செஞ்சது வேன்ல இருக்குதுங்க."

துறைத்தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேசைக்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் படிவத்தை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

"இந்தக் கையெழுத்து யாருது?"

"என்னுது சார்."

"செய்யறத நேர்ல பாத்தேன்னு எழுதியிருக்கு. பாத்தீங்களா?"

"இல்லீங்க சார்."

"அப்ப எதப் பாத்துப் போட்டீங்க?"

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். எத்தனையோ மெஷின் கோளாறுக்கு மேலதிகாரி முன்னால் நின்று காரணம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கோளாறுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. "கயித்துக்கு அந்தப் பக்கம் போயிருங்க," என்றார். போனேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கிறவர்கள். அதில் என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த இரண்டு பேர் கையில் டீயோடு நின்றார்கள். இருவரும் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் வெங்கடேஷ் ஓடிப்போய் வேனிலிருந்து ரெக்ஸின் பாவாடை கட்டிய ரோபோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பரிசோதனை முடிய இன்னும் நேரம் இருந்தது. ஆனால் புதுப் படிவம் வேண்டுமே. துறைத்தலைவருக்கு நிலைமை புரிந்துவிட்டது. கேலரியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "குடுங்க, நான் போடறேன்," என்று கையை நீட்டினார்.

"செய்யறத நீங்க பாத்தீங்களா?"

"என் டிபார்ட்மென்ட்ல நடக்கறது எனக்குத் தெரியாதா?"

"சரி. கையத் தூக்கறதுக்கு என்ன மோட்டார் போட்டிருக்காங்க?"

"ஸ்டெப்பர் மோட்டார்," என்றார். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மேசைக்காரர் ரோபோவைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். படிவத்தைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

சுமதி சொன்னாள்: "சார், பதினேழாவது விதியில ஆசிரியர்னு இல்லீங்க. ஊழியர்னுதான் இருக்குது. எங்க டிரைவர் அண்ணா எல்லாத்தையும் பாத்திருக்காருங்க."

"டிரைவரா?" என்றார் துறைத்தலைவர்.

"உங்க காலேஜ் ஊழியர்தான அவரு? இல்லைன்னா எழுதிக் குடுங்க," என்றார் மேசைக்காரர். துறைத்தலைவர் எழுதிக் கொடுக்கவில்லை.

சிக்கண்ணா காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கேட்ட கேள்வி பாதி கன்னடத்தில், பதிலும் அப்படியே.

"நோடிதீனி சார், என் கண்ணால பாத்தேன். மோட்டாரு நம்ம பழைய வேன்து. வைப்பர் மோட்டாரு. அது நான் கழட்டிக் குடுத்தது. மத்த வேலை பூரா இந்தப் பாப்பாவும் தம்பிகளுந்தான். சனிக்கெழம சனிக்கெழம பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

"பொய்னு தெரிஞ்சா ரெண்டு வருஷம் இங்க வர முடியாது."

"நெஜா சார். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்?"

கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. பெட்டி கவிழ்ந்தது. ரெக்ஸின் கொஞ்சம் மடங்கிக்கொண்டு உள்ளே போனது.

நான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். முதல் ஆட்டத்தில் இரண்டு கட்டை போட்டு ஜெயித்தார்கள். இரண்டாவதில் மூன்றையும் போட்டது. கூரைக் கண்ணாடி வழியாக உச்சி வெயில் பலகைமேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு கல்லூரிகளின் ரோபோக்கள் கோட்டை விட்டு எங்கேயோ போயின. இது போகவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் இரண்டாவது கட்டையைத் தூக்கும்போது ரோபோ ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு பின்னால் வந்து, புதிதாக ஆரம்பிக்கிற மாதிரி கோட்டைத் தேடியது. கட்டை கீழே விழுந்தது. வெங்கடேஷின் கை தன்னால் நீண்டது. தொட்டால் அணியே வெளியே. சுமதி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மீதி நேரம் முழுக்க விடவில்லை. தோற்றார்கள். தொடாமல் தோற்றார்கள்.

பிறகு நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பங்கேற்புச் சான்றிதழில் வழிகாட்டி என்ற இடத்தில் சிக்கண்ணா பெயரை அடித்துக் கொடுத்தார்கள். துறைத்தலைவர் அதை அறிவிப்புப் பலகையில் போட விடவில்லை. அடுத்த வருஷம் கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தில் 'எங்கள் மாணவர்களின் சாதனை' என்று நீல ரோபோவின் படம் வந்தது. பரிசோதனை மேசையைத் தாண்டாத ரோபோ அது. துறைத்தலைவர் இரண்டு வருஷத்தில் வேறொரு கல்லூரிக்கு முதல்வராகப் போனார். உங்களில் சிலர் அவரிடம் வேலை பார்த்திருக்கலாம். நல்லபடியாகப் பேசுவார். என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் அவர் மேசையை விட்டுக் கடைசிவரை நகரவில்லை. இரண்டு வருஷத் தடை எனக்கு வந்தது. சரியாகத்தான் வந்தது.

அன்று சாயந்திரம் திரும்பி வரும்போது சூளகிரி தாண்டி ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தினார் சிக்கண்ணா. ஓசூரிலிருந்து அதுவரை, சுமதியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் கட்டிக்கொண்டே வந்தேன். 'காலையில் நான் செய்தது தப்பு, உன்னை அந்த இடத்தில் நிற்க வைத்தது நான்தான்' என்று. வயசில் பெரியவன், மாணவியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று அதற்கு ஒரு முன்னுரையும் வைத்திருந்தேன். அவள் டீ கிளாஸோடு என் பெஞ்சுக்கு வந்தாள். எழுந்து நின்றேன்.

"சுமதி, இன்னைக்குக் காலையில நான்..."

"அது இருக்கட்டுங்க சார். மூணாவது ஆட்டத்துல ரெண்டாவது கட்டைய எடுக்கறப்ப அது ஏன் முதல்லருந்து ஆரம்பிச்சுதுங்க?"

யோசித்தேன். "பேட்டரி மூணு ஆட்டமா ஓடிக் களைச்சிருக்கும். கையத் தூக்கறப்ப அந்த மோட்டார் மொத்தக் கரண்டையும் இழுத்துருச்சு. ப்ரோக்ராம் இருக்கிற போர்டுக்கு வோல்டேஜ் விழுந்து, அணைஞ்சு திரும்ப எரிஞ்சிருக்கு. அதான் முதல்லருந்து."

"அப்ப போர்டுக்குத் தனியா சின்ன பேட்டரி வெச்சா?"

"வெக்கலாம்."

"எடை கூடிருமேங்க?"

"கூடும். அத எங்க கொறைக்கறதுன்னு பாக்கணும்."

தலையாட்டிவிட்டு வெங்கடேஷிடம் போனாள். இரண்டு பேரும் ஒரு பழைய செய்தித்தாளின் ஓரத்தில் ஏதோ வரைய ஆரம்பித்தார்கள்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படி எண்ணிக்கொள்வது சௌகரியமாக இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் அந்தக் கல்லூரியில் படித்தாள். சர்க்யூட்டில் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவாள், ஒரு நாளும் முகம் திருப்பியதில்லை. ஆனால் லேப் நோட்டிலிருந்து கடைசி வருஷ ப்ராஜெக்ட் அறிக்கை வரைக்கும், ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டிய ஒவ்வொரு தாளையும் வெங்கடேஷிடம் கொடுத்தனுப்பினாள். அவளே என் முன்னால் ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடுங்க சார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.